‘என்னை பேட்ரனைஸ் செய்யாதீர்கள்’ என்றால் என்ன அர்த்தம்?

ஓட்டல் ரசீதின் அடியில் ‘தங்கள் பேட்ரனேஜுக்கு நன்றி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். பொறியியல் கல்லூரிக் கருத்தரங்க அழைப்பிதழில் தாளாளர் பெயருக்கு நேரே ‘சீஃப் பேட்ரன்’ என்றும், முதல்வர் பெயருக்கு நேரே ‘பேட்ரன்’ என்றும் போட்டிருக்கும். இரண்டுமே மரியாதைக்கு எழுதுவது. அதையெல்லாம் பார்த்துப் பழகிய ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து “உங்கள் மெயிலின் தொனி பேட்ரனைஸிங்காக இருக்கிறது” என்று பதில் வந்தால் தலை சுற்றத்தான் செய்யும். அகராதியைப் புரட்டினால் ‘ஆதரி, புரவலராக இரு’ என்று முதல் வரியிலேயே நிற்கிறது. ஆதரித்ததற்கா இவ்வளவு கோபம்?

கோபம் நியாயமானதுதான். அகராதியும் தவறில்லை. ஒரே வினைச்சொல் எப்படி மரியாதையையும் அவமதிப்பையும் சேர்த்துச் சுமக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் அடிப்படை

‘பேட்ரனைஸ்’ இன்றைய ஆங்கிலத்தில் மூன்று வேலை செய்கிறது.

1. கலைஞரையோ கலையையோ அமைப்பையோ பணமும் செல்வாக்கும் கொடுத்து ஆதரிப்பது. இதுதான் மூத்த பொருள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது.

2. ஒரு கடைக்கோ ஓட்டலுக்கோ வாடிக்கையாகப் போவது. ரசீதின் அடியில் இருப்பது இதன் பெயர்ச்சொல். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இது இன்னும் புழங்குகிறது. கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

3. ஒருவரிடம் அன்பாகவோ உதவியாகவோ நடந்துகொள்வதுபோலப் பேசி, ‘நீ எனக்கு ஒரு படி கீழே’ என்பதை உணர்த்துவது. இந்தப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தலைகாட்டுகிறது. இன்று அன்றாடப் பேச்சில் இந்த வினைச்சொல்லைக் கேட்டால், பெரும்பாலும் இதுதான்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க எளிய வழி, செயப்படுபொருளைப் பார்ப்பது. கடை, நூலகம், இசை விழா என்று இடமோ நிறுவனமோ வந்தால் முதல் இரண்டில் ஒன்று. நீ, நான், வாக்காளர்கள், பார்வையாளர்கள் என்று ஆட்கள் வந்தால் மூன்றாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ‘ஓவியர்களை பேட்ரனைஸ் செய்தார்’ போன்ற வாக்கியத்தில் மட்டும் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘பேட்ரனைஸிங்’ என்ற பெயரடையில் இந்தக் குழப்பம் இல்லை, அது திட்டுதான். ‘பேட்ரனேஜ்’ என்ற பெயர்ச்சொல் இன்னும் முதல் இரண்டு பொருள்களோடுதான் இருக்கிறது. அரசியல் கட்டுரைகளில் அது, ஆளுங்கட்சி தன் ஆட்களுக்குப் பதவியும் ஒப்பந்தமும் வழங்குவதைக் குறிக்கும். ஆக, ஒரே குடும்பத்தில் வினைச்சொல் கெட்டுப்போக, பெயர்ச்சொல் ஓரளவு தப்பித்துவிட்டது.

தகப்பனில் தொடங்கிய சொல்

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘பாட்டர்’, அதாவது தகப்பன். அதிலிருந்து ‘பாட்ரோனஸ்’. பண்டைய ரோமில் இது அன்பான அடைமொழியாக மட்டும் இருக்கவில்லை. சமூக ஏற்பாடாகவே இருந்தது. செல்வாக்குள்ளவர் பாட்ரோனஸ், அவரை அண்டி வாழ்பவர் ‘கிளியன்ஸ்’. இன்று நாம் சொல்லும் ‘கிளையன்ட்’ அங்கிருந்து வந்ததுதான். அண்டியவர் விடியற்காலையில் பெரியவர் வீட்டு வாசலில் போய் வணக்கம் சொல்லி நிற்க வேண்டும். பெரியவர் அவருக்காக வழக்காடுவார், பணமோ உணவோ கொடுப்பார். ஓர் அடிமை விடுதலை பெற்றால், பழைய எஜமானரே அவருக்கு பாட்ரோனஸ் ஆகிவிடுவார். விடுதலை கிடைத்த பிறகும் கடமை தொடரும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கின்றன. ஒன்று, உதவி உண்மையானது. இரண்டு, உதவி பெறுபவர் தன் கீழ்நிலையை ஒவ்வொரு நாள் காலையும் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவருக்கு முதலாவதுதான் கண்ணில் படும், கீழே நிற்பவருக்கு இரண்டாவது. பிற்காலத்தில் ‘பேட்ரனைஸ்’ இரண்டாகப் பிரிந்ததற்கான விதை இங்கேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. செயல் ஒன்றுதான், சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் வேறுபடுகிறது.

பெறுபவர் கையில் பேனா வந்தபோது

கீழே நின்றவரின் கோணம் ஆங்கிலத்தில் பளிச்சென்று பதிவான தருணம் ஒன்று உண்டு. அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சன் 1747இல் தன் ஆங்கில அகராதித் திட்டத்தை அச்சிட்டு, அதை செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு முன்னிலைப்படுத்தி எழுதினார். பிரபு அப்போது அமைச்சர். கையில் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு சரி, அதன்பின் ஆதரவு ஏதும் வரவில்லை. ஜான்சன் சொந்தப் பாட்டில் வருடக்கணக்கில் உழைத்தார். அகராதி முடியும் தறுவாயில், 1754இன் கடைசியில், பிரபு ஒரு பத்திரிகையில் அகராதியைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். தானே இதன் புரவலர் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

1755 பிப்ரவரி 7ஆம் தேதி ஜான்சன் பதில் கடிதம் எழுதினார். உங்கள் வெளியறைகளில் காத்துக் கிடந்தும் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டும் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன என்று அதில் நினைவூட்டினார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனைக் கண்டுகொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்ற பெயரில் அவன்மேல் வந்து விழுகிறவர்தானே, பிரபுவே, பேட்ரன் என்பவர்?

அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த அகராதியில் ‘பேட்ரன்’ என்ற பதிவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆதரிப்பவர், காப்பவர் என்று ஒழுங்காகத் தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில், பெரும்பாலும் திமிரோடு ஆதரித்து, கூலியாக முகஸ்துதி பெறும் ஓர் அற்பப் பிறவி என்று முடிகிறது. பிரபு இதற்கெல்லாம் கோபப்படவில்லை. கடிதத்தை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று வந்தவர்களிடம் காட்டினாராம். இதைவிடச் சுத்தமான பேட்ரனைஸிங் இருக்க முடியாது.

வினைச்சொல்லின் கெட்ட பொருள் இதற்குச் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் பதிவாகிறது. ஜான்சன்தான் அதை உருவாக்கினார் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்தாளர்கள் பிரபுக்களை விட்டுப் பதிப்பாளரையும் வாசகரையும் நம்பிப் பிழைக்கத் தொடங்கிய காலம் அது. கொடுப்பவரைப் பற்றிப் பெறுபவர் வெளிப்படையாகப் பேச முடிந்ததும் சொல்லின் நிறமும் மாறியது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கோபம் அந்நியமாக இருக்காது. அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பியபோது, ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்றார் பெருஞ்சித்திரனார் (புறநானூறு 208). என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவு போதும் என்பது அவர் கட்சி.

கூடப் பிறந்த சொல்: கண்டிசெண்ட்

இதே பாதையில் வழுக்கிய இன்னொரு சொல் ‘கண்டிசெண்ட்’. லத்தீனில் நேர்ப்பொருள் ‘இறங்கி வருதல்’. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், ரோமருக்கு எழுதிய நிருபம் 12ஆம் அதிகாரம் 16ஆம் வசனம், தாழ்ந்த நிலையில் உள்ளவர்களிடம் இப்படி இறங்கி வரச் சொல்லி அறிவுரை கூறுகிறது. அங்கே அது நற்குணம். கடவுள் மனிதனாக வந்ததையும் கிறிஸ்தவ இறையியல் இதே சொல்லால் குறித்தது. நம் பக்கத்தில் வைணவ உரைகாரர்கள் ‘சௌலப்யம்’ என்று கொண்டாடும் குணம் இதற்கு வெகு அருகில் வரும்: கண்ணன் வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்டு ஏங்கிய எளிமையை நினைத்து ‘எத்திறம்’ என்று நம்மாழ்வார் மலைத்துப்போகிறாரே, அது.

கடவுள் இறங்கி வந்தால் பரவாயில்லை, உயரம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீமாட்டி இறங்கி வந்தால்? 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் பாதிரியார் காலின்ஸ், தன் புரவலரான கேதரின் சீமாட்டியின் ‘கண்டிசென்ஷன்’ பற்றி வாய் ஓயாமல் புகழ்கிறார். அவருக்கு அது பாராட்டு. வாசகருக்கோ சிரிப்பு. பிறப்பால் சிலர் உயர்ந்தவர்கள் என்ற நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கியதும், ‘நீ எங்கிருந்து இறங்கினாய்?’ என்ற கேள்வி வந்துவிட்டது.

இன்றைய வழக்கில் இரண்டுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. கண்டிசெண்ட் செய்பவரிடம் உயரம் தெரிந்தால் போதும், அன்பு தேவையில்லை. பேட்ரனைஸ் செய்பவர் கூடவே ஒரு புன்னகையும் முதுகில் ஒரு தட்டும் கொடுப்பார். இது கறாரான எல்லை இல்லை. ஆங்கிலேயர்களே இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள்.

இது நடக்கும் விதம்: ஒரு விளம்பரம்

2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் தனிநாடு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்ற தரப்பான ‘பெட்டர் டுகெதர்’ ஆகஸ்டில் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. சமையலறை மேசையில் கையில் கோப்பையோடு ஒரு பெண். கணவர் பால் வாக்கெடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார், காலை வேளையில் என்ன அரசியல், சாப்பிடுகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன் என்கிறாள். தொலைக்காட்சியில் வரும் அந்த ஆள், அதாவது ஸ்காட்லாந்தின் முதலமைச்சர், அவர் பெயர்கூட அவளுக்குச் சட்டென்று வரவில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தை யோசித்து, காபி ஆறுவதற்குள் ‘வேண்டாம்’ என்று முடிவெடுக்கிறாள்.

படத்தில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. யாரையும் திட்டவில்லை. பெண்களின் வாக்கைக் கவரத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரே நாளில் ‘பேட்ரனைஸிங் பிடி லேடி’ (‘பிடி’ என்பது பெட்டர் டுகெதரின் சுருக்கம்) என்ற பெயரில் சமூக ஊடகம் முழுக்கக் கேலி. அந்த விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் உறுப்புகள் எல்லாம் கிடைத்துவிடும்.

1. நல்லெண்ணத்தின் தோற்றம். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது என்கிற பாவனை. இது இல்லாவிட்டால் அது வெறும் அவமதிப்பு. வேறு சொல் போட வேண்டும்.

2. கேட்காமலே முடிவு செய்யப்பட்ட தாழ்வு. பெண்களுக்கு அரசியல் எட்டாது, அடுப்படியும் பிள்ளையும்தான் அவர்கள் உலகம் என்று படம் எடுத்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

3. அதற்கேற்ற எளிமைப்படுத்தல். நாணயம், எண்ணெய் வருவாய், ஓய்வூதியம் என்று அப்போது ஊரே வாதாடிக்கொண்டிருந்த கேள்விகள் ஒரு கோப்பைக்குள் அடங்கிவிட்டன.

இந்த மூன்றில் உயிர்நாடி இரண்டாவது. எளிமையாகச் சொல்வது மட்டும் குற்றமாகாது. தெரியாதவருக்கு எளிமையாகச் சொல்வது நல்ல ஆசிரியரின் வேலை. தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்க்காமலே எளிமைப்படுத்தும்போதுதான் சொல் பொருந்துகிறது.

தொனி மட்டுமே போதும் என்பதற்கு 2011 ஏப்ரல் 27 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நடந்தது சாட்சி. பிரதமர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சி உறுப்பினர் ஏஞ்சலா ஈகிளைப் பார்த்து ‘காம் டௌன், டியர்’ என்றார். அது அப்போது பிரபலமாக இருந்த ஒரு காப்பீட்டு விளம்பரத்தின் வசனம், தமாஷ்தான் என்று அவர் தரப்பு சொன்னது. தொழிற்கட்சி மன்னிப்புக் கேட்கச் சொன்னது. சொற்களை மட்டும் எடுத்தால் ‘அமைதியாக இரும்மா’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ‘இரும்மா’வில்தான் எல்லாம் இருக்கிறது. கூச்சலிட்ட ஆண் உறுப்பினரிடம் அவர் அப்படிக் கொஞ்சியிருப்பாரா என்பதே கேள்வி.

முதியவரும் மாற்றுத்திறனாளியும்

அரசியலில் வாக்கு போகும், அவ்வளவுதான். மருத்துவமனையில் விளைவு இன்னும் மோசம். முதியவர்களிடம் குரலை ஏற்றி, வேகத்தைக் குறைத்து, செல்லம் கொஞ்சி, ‘நாம’ போட்டுப் பேசுவதை ஆய்வாளர்கள் ‘எல்டர்ஸ்பீக்’ என்கிறார்கள். “என்ன தாத்தா, நாம இன்னிக்கு சமத்தா மாத்திரை போட்டுக்கலாமா?” என்று நம் ஊர் வார்டுகளில் கேட்பது அதேதான். அந்தத் தாத்தா நேற்றுவரை தலைமையாசிரியராக இருந்திருக்கலாம். அமெரிக்காவில் செவிலியர் துறை ஆய்வாளர் கிறிஸ்டீன் வில்லியம்ஸும் குழுவினரும் மறதி நோயாளிகள் இருந்த பராமரிப்பு இல்லங்களில் ஆராய்ந்தபோது, இப்படிக் குழந்தைத்தனமாகப் பேசும் நேரங்களில் நோயாளிகள் பராமரிப்புக்கு ஒத்துழைக்க மறுப்பது அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். நினைவு தப்பியவர்களுக்கும் தொனி புரிகிறது.

பிபிசி வானொலி 1977 முதல் 1998 வரை மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியின் பெயர் ‘இவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?’ என்பது. சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் கேட்கப்படும் கேள்வி அது. கேட்பவர் மனத்தில் துளி வெறுப்புகூட இருக்காது. டீ சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் காலில் உள்ள குறையை நாக்குக்கும் மூளைக்கும் சேர்த்தே எழுதிவிட்டார்.

இந்தியாவில் 2015 டிசம்பரில் பிரதமர் மோடி ‘விகலாங்’ (அங்கக் குறை உடையவர்) என்ற இந்திச் சொல்லுக்குப் பதில் ‘திவ்யாங்’, அதாவது தெய்வீக அங்கம் உடையவர் என்று அழைக்கலாம் என்றபோது, மாற்றுத்திறனாளி உரிமை அமைப்புகள் பல எதிர்த்ததற்கும் இதுவே காரணம். சாய்தளமும் வேலையும் கேட்டவருக்குத் தெய்வத்தன்மை கிடைத்தது. அடைமொழி உயர்வாக இருந்தாலும் பேட்ரனைஸ் செய்ய முடியும் என்பது பலருக்கும் பிடிபடாத நுட்பம்.

எதையெல்லாம் இதில் சேர்க்கக் கூடாது

1. பேட்டர்னலிசம். இதுவும் தகப்பன் வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் இது கொள்கை: உன் நன்மைக்காக உன் விருப்பத்தை மீறி முடிவெடுப்பது. ஹெல்மெட் கட்டாயம் என்பது பேட்டர்னலிசம். அந்த விதியை மழலைக் குரலில் கொஞ்சிச் சொல்லும் விளம்பரம்தான் பேட்ரனைஸிங்.

2. ஏளனம், இளக்காரம். இவற்றில் பகை வெளிப்படை. கேட்பவர் திருப்பி அடிக்கலாம். பேட்ரனைஸ் செய்தவரைத் திருப்பி அடித்தால், நல்லது சொல்ல வந்தவரைக் கடித்த பழி நம்மேல் விழும்.

3. மேன்ஸ்ப்ளெயினிங். ஒரு பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததையே ஓர் ஆண் அவளுக்கு விளக்குவது. இது பேட்ரனைஸின் ஒரு கிளை. ரெபெக்கா சோல்னிட்டின் 2008 கட்டுரைக்குப் பிறகு பரவிய சொல். அவர் உருவாக்கியது இல்லை.

குற்றச்சாட்டாக மட்டுமே வாழும் வினை

இலக்கண விசித்திரம் ஒன்று. ‘நான் உன்னை பேட்ரனைஸ் செய்கிறேன்’ என்று யாரும் நிஜமாகச் சொல்வதில்லை. ‘நான் கடைக்குப் போகிறேன்’ போலத் தன்மையில், நிகழ்காலத்தில் அது புழங்காது. செய்பவருக்குத் தான் உதவுவதாகத்தான் தோன்றும். சொல் எப்போதும் பெறுபவரோ பார்த்துக்கொண்டிருப்பவரோ போடுவது. அதனால்தான் ‘பேட்ரனைஸ் செய்வதாக நினைக்காதீர்கள், ஆனால்...’ என்று ஒருவர் தொடங்கினால், அதைத்தான் செய்யப்போகிறார் என்று ஆங்கிலம் பேசுபவர்கள் உஷாராகிவிடுவார்கள். இதைவைத்து ஒரு பழைய ஜோக்கும் உண்டு: “நான் உன்னை பேட்ரனைஸ் செய்யவில்லை. அப்படியென்றால் என்னவென்று தெரியுமில்லையா? மட்டம்தட்டிப் பேசுவது.”

இதில் ஆபத்தும் இருக்கிறது. செய்தவரின் எண்ணம் செல்லாது, கேட்டவரின் உணர்வே தீர்ப்பு என்றாகும்போது, நியாயமான திருத்தத்தையும் இந்தச் சொல்லால் வாயடைத்துவிடலாம். மேலாளர் உண்மையான பிழையைச் சுட்டிக்காட்டினாலும் ‘தொனி சரியில்லை’ என்று பேச்சைத் திருப்பிவிடுபவர்கள் உண்டு. அப்போது மேலே சொன்ன இரண்டாவது உறுப்பைத்தான் சோதிக்க வேண்டும்: எதிராளிக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிட்டுப் பேசினாரா, பார்க்காமலே பேசினாரா? பார்த்துவிட்டுப் பேசியிருந்தால் குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்காது.

இந்தியர்கள் எழுதும் அலுவலக மெயில்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதற்கு எளிய காரணங்கள் உண்டு. ‘அன்புடன் புரிந்துகொள்ளவும்’, ‘ஏற்கெனவே விளக்கியபடி’, ‘முன்பே சொன்னதுபோல’ என்பவற்றை நாம் பணிவு என்று நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறோம். லண்டனில் இருப்பவர் அதை ‘உனக்கு எத்தனை தடவை சொல்வது’ என்று வாசிக்கிறார். அந்தத் தொடர்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் எழுதினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

தமிழில் எப்படிச் சொல்வது

ஒற்றைச் சொல் கிடைக்காது. தேடி அலைய வேண்டியதும் இல்லை. ‘பெரிய மனுஷத்தனம் காட்டுகிறார்’ என்பது உயரத்தைச் சொல்கிறது. ‘சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார்’ என்பது எளிமைப்படுத்தலைச் சொல்கிறது. ‘பாவம் பார்த்துப் பேசுகிறார்’ என்பது போலி இரக்கத்தை. சூழலில் எது முன்னால் நிற்கிறதோ அதைப் போட்டால் சரி. கேமரன் செய்திக்கு இரண்டாவது பொருந்தும். திவ்யாங் விவகாரத்துக்கு மூன்றாவது. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் ‘ஆதரவான தொனி’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, பொருள் தலைகீழாகிவிடும்.

உச்சரிப்பு ஒன்று பாக்கி. பிரிட்டனில் முதல் அசை கிரிக்கெட் பேட்டில் வரும் ஒலி. அமெரிக்காவில் பெரும்பாலும் ‘பேப்பர்’ என்பதன் பே. பேட் ஒலியோடு சொல்பவர்களும் அங்கே உண்டு. எழுத்துக்கூட்டில் பிரிட்டனில் பெரும்பாலும் எஸ், அமெரிக்காவில் இசட். எப்படிச் சொன்னாலும் எழுதினாலும் பொருள் மாறாது.